சம்பளச் சீட்டில் இரண்டு வரிகள்

ஜெர்மனியில் மாதச் சம்பளம் வாங்குகிறவரின் சம்பளச் சீட்டில் 'ஆர்.வி.' என்ற இரண்டெழுத்துக்கு எதிரே ஒரு தொகை கழிந்திருக்கும். ஓய்வூதியக் காப்பீட்டைக் குறிக்கும் நீண்ட ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. பிரிட்டனில் அதே இடத்தில் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று 'தேசியக் காப்பீடு', மற்றது 'பென்ஷன்'. இந்த இரண்டாவது வரிக்கு வயது குறைவு. 2012-இல் பிரிட்டனின் தனியார் துறையில், சேரத் தகுதி இருந்த ஊழியர்களில் 42 விழுக்காட்டினருக்குத்தான் நிறுவன ஓய்வூதியம் இருந்தது. பத்தாண்டுகளுக்குள் அது 80 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரு கோடிக்கும் அதிகமானவர்களின் சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு பிடித்தம் முளைத்தது. யாரும் தெருவில் இறங்கவில்லை, ஆட்சியும் கவிழவில்லை.

அதே காலத்தில் ஜெர்மனியில் ஓய்வூதியப் பிடித்தத்தின் விகிதம் ஏறவில்லை. 2012-இல் சம்பளத்தில் 19.6 விழுக்காடாக இருந்தது, 2018 முதல் 18.6-இல் நிற்கிறது. தொழிலாளி பாதி, முதலாளி பாதி.

மேலோட்டமாகப் பார்த்தால் முடிவு எளிது: பிரிட்டன் வேகமாக வளர்ந்தது, ஜெர்மனி தேங்கியது. பல ஒப்பீடுகள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 'பங்களிப்பு வளர்ந்தது' என்று சொல்லும்போது எது வளர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. விகிதமா, தொகையா, கட்டுகிறவர்களின் எண்ணிக்கையா, அல்லது சம்பளத்தில் அதற்குப் போகும் பங்கா? நான்கையும் தனித்தனியாக அளந்தால் நான்கு விதமான பதில் வருகிறது.

ஜெர்மனியின் கதை பழையது. பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1889-இல் சட்டம் நிறைவேறி, 1891 சனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிடித்தம் 1.7 விழுக்காடு, ஓய்வூதிய வயது 70. அந்த வயதை எட்டிய தொழிலாளர்கள் அன்று சொற்பம் என்பதால் திட்டத்துக்குப் பெரிய செலவும் இல்லை. முதியோர் வாழ்வதற்கான ஓய்வூதியம் என்று உண்மையாகவே சொல்லக்கூடிய ஒன்றாக அதை மாற்றியது 1957-இல் சான்சலர் அடெனாவர் கொண்டுவந்த சீர்திருத்தம். நாட்டின் சம்பளம் ஏறும்போதெல்லாம் ஓய்வூதியமும் கூடவே ஏறும் என்பது அதன் சாரம். பிடித்தம் 14 விழுக்காடு ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில் அவருடைய அணி பாதிக்கு மேற்பட்ட வாக்குகளை அள்ளியது. மேற்கு ஜெர்மனியில் அதுவரை எந்த அணியும் அப்படி வென்றதில்லை.

பிறகு வந்தது ஏறுமுகம். 1968-இல் 15, 1970-இல் 17, 1973-இல் 18. இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பின் கிழக்குப் பகுதி முதியோரின் பொறுப்பும் அதே கஜானாவின் மேல் விழுந்தது. 1997-இல் 20.3 விழுக்காடு. அதுவே இன்றுவரையான உச்சம். நடுவில், 1986-இல், நலத்துறை அமைச்சர் நோர்பர்ட் புளூம் கையில் பசையும் தூரிகையுமாக பான் நகரச் சந்தைத் திடலில் நின்று, ஓய்வூதியத்துக்கு ஆபத்தில்லை என்ற சுவரொட்டியைத் தானே ஒட்டினார். அமைச்சர் சுவரொட்டி ஒட்டித்தான் நம்பவைக்க வேண்டும் என்றால் மக்களின் சந்தேகம் எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அந்த ஒற்றை வரி வாசகத்தை ஜெர்மானியர்கள் இன்றும் கேலியாகத்தான் நினைவுகூர்கிறார்கள்.

20.3 என்ற எண் ஆட்சியாளர்களை உலுக்கியது. அடுத்து வந்த ஷ்ரோடர் அரசு 1999-இல் எரிபொருள் மீது ஒரு சுற்றுச்சூழல் வரியைப் போட்டு, அதில் பெரும்பகுதியை ஓய்வூதியக் கஜானாவுக்குத் திருப்பிவிட்டது. பெட்ரோல் போடுகிறவர் அவரறியாமல் தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் பங்களித்தார் என்று அப்போதே கிண்டல் எழுந்தது. 2007-இல் ஓய்வு வயதைப் படிப்படியாக 67-க்கு உயர்த்தும் சட்டம் வந்தது. பிடித்தம் 2020 வரை 20 விழுக்காட்டையும் 2030 வரை 22 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்ற வரம்பும் சட்டத்தில் ஏறியது.

எல்லோரும் மேலே போகும் என்று பயந்த அந்த எண், அதற்குப் பிறகு கீழே இறங்கியது. காரணம் இரண்டு. முதலாவது, வேலைவாய்ப்பு. சமூகக் காப்பீடு பிடிக்கப்படும் வேலைகளில் இருந்தவர்கள் 2012-இல் சுமார் 2.9 கோடி, 2024-இல் சுமார் 3.5 கோடி. வீட்டிலிருந்த பெண்கள் வேலைக்கு வந்தார்கள், முதியவர்கள் இன்னும் சில ஆண்டுகள் நீடித்தார்கள், போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்கள் வேலையில் சேர்ந்தார்கள். இரண்டாவது, சட்டத்திலேயே உள்ள ஒரு விதி. ஓய்வூதியக் கஜானாவின் கையிருப்பு ஒன்றரை மாதச் செலவைத் தாண்டினால் பிடித்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும், குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போனால் ஏற்றியே ஆக வேண்டும். கிட்டத்தட்ட வெப்பநிலையைப் பார்த்துத் தானே அணைந்து எரியும் கொதிகலன் மாதிரி. அரசியல்வாதியின் விருப்பத்துக்கு அதில் அதிகம் இடமில்லை. கை வைத்ததும் உண்டு: 2014-இல் விதிப்படி பிடித்தம் 18.9-இலிருந்து இறங்கியிருக்க வேண்டும். பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு ஓய்வூதியத்தைக் கூட்டித்தர அந்தப் பணம் தேவை என்று அன்றைய கூட்டணி அரசு இறக்கத்தை நிறுத்திவைத்தது.

இதற்கெல்லாம் மேலே, மத்திய அரசு தன் வரிப்பணத்திலிருந்து ஓய்வூதியக் கஜானாவுக்கு ஆண்டுதோறும் 100 பில்லியன் யூரோவுக்கு மேல் கொட்டுகிறது. சம்பளச் சீட்டில் ஏறாத பாரம் கடை ரசீதில் ஏறியிருக்கிறது.

பிரிட்டனின் பாதை வேறு. 1908 ஆகஸ்டில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பிஸ்மார்க்கின் காப்பீட்டு முறையைப் பார்க்க ஜெர்மனிக்கே போய்வந்தார். அந்த ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த முதியோர் ஓய்வூதியமோ பிடித்தம் எதுவும் இல்லாதது: எழுபது வயதான ஏழைக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். பங்களிப்பு என்பது பின்னால்தான் வந்தது. பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜின் 1942 அறிக்கையைத் தழுவி இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமைந்த தேசியக் காப்பீடு, எல்லோருக்கும் ஒரே அளவான, உயிர்வாழப் போதுமான ஓய்வூதியம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. அதற்கு மேல் வேண்டுமென்றால் நிறுவனம் தரட்டும், அல்லது அவரவர் சேமித்துக்கொள்ளட்டும். நிறுவனங்கள் கொஞ்ச காலம் தந்தன. 1967-இல் தனியார் துறையில் சுமார் 80 லட்சம் பேர் நிறுவன ஓய்வூதியத்தில் இருந்தார்கள். அவற்றில் பல கடைசிச் சம்பளத்தின் அடிப்படையில் ஓய்வூதியம் தருபவை. பிறகு அவை ஒவ்வொன்றாக மூடின. நம்பிக்கையும் சரிந்தது: 1991-இல் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்த பிறகு, மிரர் குழும ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து நூற்றுக்கணக்கான மில்லியன் பவுண்டுகள் சுரண்டப்பட்டிருந்தது வெளிவந்தது.

2002-இல் அமைக்கப்பட்ட ஓய்வூதிய ஆணையத்தின் தலைவர் அடேர் டர்னர். உடன் தொழிற்சங்கத்திலிருந்து ஜீனி ட்ரேக், கல்வித்துறையிலிருந்து ஜான் ஹில்ஸ். மக்கள் சேமிக்காததற்குக் காரணம் விருப்பமின்மை அல்ல, சோம்பல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். சோம்பலைத் திட்டுவதற்குப் பதில் அதையே வண்டியில் பூட்டினார்கள். ஊழியரைக் கேட்காமல் சேர்த்துவிடுவது, வேண்டாமென்றால் ஒரு மாதத்துக்குள் விலகலாம், விலகினாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடி சேர்த்துவிடுவது. 'ஆட்டோ என்ரோல்மென்ட்' என்று பெயர். 2008-இல் சட்டமாகி, 2012 அக்டோபரில் மிகப்பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2018-இல் மூன்று பேர் வேலை பார்க்கும் சிகையலங்காரக் கடைவரை இறங்கியது. விளம்பரத்துக்காக 'வொர்க்கி' என்ற பெயரில், யானை அளவு உயரமும் பலநிற மயிரும் கொண்ட ஒரு ஜந்துவைத் தொலைக்காட்சியில் உலவவிட்டார்கள். அதைக் கண்டும் காணாததுபோலப் போகாதீர்கள் என்பது செய்தி. சேர்க்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் விலகிவிடுவார்கள் என்று அரசு கணித்திருந்தது. விலகியது ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான்.

பிடித்தத்தைக் கடுகளவில் தொடங்கினார்கள். ஊழியர் 1 விழுக்காடு, முதலாளி 1 விழுக்காடு. 2018 ஏப்ரலில் 3 + 2. 2019 ஏப்ரலில் 5 + 3. ஊழியரின் 5-இல் 1 வரிச்சலுகையாகத் திரும்பிவருவது. ஆனால் முழுச் சம்பளத்துக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆண்டுக்கு 6,240 பவுண்டுக்கு மேல், 50,270-க்குக் கீழே உள்ள பகுதிக்கு மட்டுமே.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஏற ஏற, சராசரி விகிதம் இறங்கிக்கொண்டே போனது. தனியார் நிறுவனங்கள் நடத்தும் சேமிப்பு வகைத் திட்டங்களில் முதலாளியும் ஊழியரும் சேர்ந்து கட்டியது 2012-இல் சம்பளத்தில் 9 விழுக்காட்டுக்கு மேல். 2017-இல் வெறும் 3.4. யாரும் குறைத்துக் கட்டவில்லை. முன்பு இருந்தவர்கள் நல்ல சம்பளக்காரர்கள், தாராளமாகக் கட்டியவர்கள். புதிதாக வந்தவர்கள் குறைந்தபட்சம் மட்டும் கட்டிய கடைச் சிப்பந்திகளும் கிடங்குத் தொழிலாளிகளும். வகுப்பில் புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் சராசரி மதிப்பெண் இறங்குவது போலத்தான். 2018-இல் விகிதம் ஏறியதும் சராசரி 5 விழுக்காட்டுக்குத் திரும்பியது. அந்த ஐந்தாண்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரிட்டனில் பங்களிப்பு வீழ்ந்தது என்றும் எழுதலாம், வெடித்து வளர்ந்தது என்றும் எழுதலாம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

இனி நேரடியாக ஒரு கணக்கு.

ஜெர்மனியில் ஓய்வூதியக் கணக்குக்கென்றே ஒரு சராசரி ஆண்டுச் சம்பளத்தை அரசு அறிவிக்கிறது. 2012-இல் அது 33,002 யூரோ. 2025-க்கான தற்காலிக எண் 50,493. 2012-இல் ஊழியரின் பாதி 9.8 விழுக்காடு, அதாவது 3,234 யூரோ. 2025-இல் 9.3 விழுக்காடு, 4,696 யூரோ. விகிதம் இறங்கியும் தொகை 45 விழுக்காடு ஏறிவிட்டது. ஏற்றியது சம்பளம், சட்டம் அல்ல. மேல்மட்டச் சம்பளக்காரருக்கும் இதே கதை. எந்தச் சம்பளம்வரை பிடிக்கலாம் என்ற உச்சவரம்பு 2012-இல் மேற்குப் பகுதியில் மாதம் 5,600 யூரோ. 2025-இல் நாடு முழுவதும் 8,050. அவரிடமிருந்து மாதம் போனது 549-இலிருந்து 749 ஆனது.

பிரிட்டனில் 2012-இல் முழுநேர ஊழியரின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 26,500 பவுண்டு. குறைந்தபட்ச விகிதத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட அவரிடம் ஆண்டுக்குப் பிடித்தது சுமார் 209 பவுண்டு. 2025-இல் அந்த நடுமட்டச் சம்பளம் 39,000 அளவில். பிடித்தம் 1,638 பவுண்டு. ஏறத்தாழ எட்டு மடங்கு. அமைச்சர்கள் மேடையில் சொல்ல விரும்புவது இப்படிப்பட்ட எண்ணைத்தான்.

ஆனால் சீட்டில் இரண்டு வரிகள் இருப்பதை மறந்துவிடக் கூடாது. அரசு ஓய்வூதியத்துக்கான தேசியக் காப்பீடும் பிடித்தம்தான். 2012-இல் ஆண்டுக்கு 7,605 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 12 விழுக்காடு. நம் நடுமட்ட ஊழியருக்கு அது 2,267 பவுண்டு. 2022 சூலையில் இந்த வரம்பு 12,570-க்கு உயர்ந்தது. 2024-இல் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் விகிதத்தை சனவரியில் 10-க்கும் ஏப்ரலில் 8-க்கும் வெட்டினார். ஆகவே 2025-இல் 39,000 பவுண்டு வாங்குகிறவர் கட்டும் தேசியக் காப்பீடு 2,114 பவுண்டு. சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஏறியும், பிடித்தம் குறைந்திருக்கிறது.

இரண்டு வரிகளையும் கூட்டுவோம். 2012-இல் 2,476 பவுண்டு, 2025-இல் 3,752. வளர்ச்சி சுமார் 51 விழுக்காடு. ஜெர்மனியில் 45. சம்பளத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் நெருக்கம் இன்னும் அதிகம்: பிரிட்டனில் 9.3-இலிருந்து 9.6 விழுக்காடு, ஜெர்மனியில் 9.8-இலிருந்து 9.3. எட்டு மடங்கு என்ற ஆரவாரமெல்லாம் அடங்கி, இரண்டு நாட்டு நடுத்தர ஊழியர்களும் சம்பளத்தில் பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் மிஞ்சுகிறது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான்.

இந்தக் கூட்டலில் ஒரு குறை உண்டு. தேசியக் காப்பீட்டின் ஒரு பகுதி மருத்துவச் சேவைக்கும் வேறு சில உதவித்தொகைகளுக்கும் போகிறது, ஜெர்மனியின் 'ஆர்.வி.' ஓய்வூதியத்துக்கும் இயலாமைக்கும் மட்டுமே. அதனால் பிரிட்டனின் எண்ணைச் சற்றுக் குறைத்துப் படிக்க வேண்டும். ஆனாலும் திசை மாறாது. பிரிட்டனில் நடந்தது வளர்ச்சி என்பதைவிட இடமாற்றம். அரசுக்குப் போன பணத்தின் ஒரு பகுதி சந்தைக்குப் போனது. யாரும் இப்படித் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. ஒரு கையை ஆணையம் 2005-இல் வடிவமைத்தது, மறுகையை நிதியமைச்சர் ஹன்ட் தேர்தல் ஆண்டில் வெட்டினார். சம்பளச் சீட்டில்தான் இரண்டும் சந்தித்தன.

முதலாளியின் பக்கம் கதை வேறு. அதே ஊழியருக்காகப் பிரிட்டிஷ் நிறுவனம் 2012-இல் இரண்டு வகையிலும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது சுமார் 2,830 பவுண்டு. 2025 ஏப்ரலில் முதலாளியின் தேசியக் காப்பீடு 13.8-இலிருந்து 15 விழுக்காடாக ஏறி, அது தொடங்கும் வரம்பும் 9,100-இலிருந்து 5,000 பவுண்டாக இறங்கிய பிறகு, ஓய்வூதியத்துக்கான 3 விழுக்காட்டையும் சேர்த்தால் சுமார் 6,080. இரண்டு மடங்குக்கு மேல். ஊழியரின் கையிலிருந்து நேராக எடுத்தால் சத்தம் வரும், முதலாளியிடமிருந்து எடுத்தால் குறைவாக வரும் என்பது இரு கட்சி அரசுகளுக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் சுமை பிறகு சம்பள உயர்வைத் தின்கிறதா என்ற சர்ச்சையைப் பொருளியலாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

கேட்காமல் சேர்த்தால் மக்கள் விலகமாட்டார்கள் என்பது பிரிட்டன் உலகுக்குக் கொடுத்த பாடமாகப் பேசப்படுகிறது. அயர்லாந்து அதைப் பார்த்துத்தான் 2026 சனவரியில் தன் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஜெர்மனி இதே மருந்தை ஒரு சிறிய கூட்டத்துக்கு 2013-லேயே கொடுத்துப் பார்த்திருக்கிறது, பலிக்கவில்லை. 'மினிஜாப்' எனப்படும் சில்லறை வேலைகள் அங்கே ஏராளம். உணவகத்தில் பரிமாறுவது, வீடு கூட்டுவது, விடியற்காலையில் பத்திரிகை போடுவது போன்றவை. 2013 முதல் இவர்களும் தானாகவே ஓய்வூதியக் காப்பீட்டில் சேர்க்கப்படுகிறார்கள்; வேண்டாமென்றால் எழுதிக்கொடுத்து விலகலாம். நிறுவனத்தில் வேலை என்றால் முதலாளி 15 விழுக்காடு கட்டுகிறார், ஊழியர் மிச்சமுள்ள 3.6-ஐக் கட்டினால் போதும். 2025-இல் மினிஜாப் உச்சவரம்பான 556 யூரோ சம்பாதிக்கிறவருக்கு அது மாதம் 20 யூரோ. நிறுவனங்களில் மினிஜாப் பார்ப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு விலகிவிட்டார்கள்.

ஒரே தூண்டில், பிரிட்டனில் பத்தில் ஒன்பது மீன் மாட்டியது, ஜெர்மனியில் ஐந்தில் ஒன்று. ஏன்? மினிஜாப் பார்க்கிறவர்களில் பலர் மாணவர்கள், ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்கள், வேறு முழுநேர வேலை உள்ளவர்கள் என்பது ஒரு காரணம். அவர்களுக்கு 20 யூரோ இன்றைக்கே தேவை. ஆனால் அதைவிட முக்கியமானது காகிதத்தின் வழி. ஜெர்மனியில் விலகல் படிவம் பெரும்பாலும் வேலைக்குச் சேரும் முதல்நாள் மற்றக் காகிதங்களோடு கைக்கு வருகிறது. விலகினாலும் முதலாளி தன் 15 விழுக்காட்டைக் கட்டியே ஆக வேண்டும், ஆகவே ஊழியருக்கு எதுவும் கை நழுவியதாகத் தோன்றுவதில்லை. பிரிட்டனில் விலகல் படிவத்தை ஊழியரே ஓய்வூதிய நிதியிடம் கேட்டு வாங்க வேண்டும். விலகும்படி முதலாளி தூண்டினால் அது சட்டமீறல். விலகினால் முதலாளியின் 3 விழுக்காடும் போச்சு. மனித மனத்தின் சோம்பலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, படிவம் எந்த மேசையில் இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

தானாகச் சேர்க்காமல் ஆசை காட்டிச் சேர்க்கும் வழியையும் ஜெர்மனி முயன்றது. 2002-இல் தொடங்கிய 'ரீஸ்டர்' ஓய்வூதியம், தொழிலாளர் அமைச்சர் வால்டர் ரீஸ்டரின் பெயரைத் தாங்கியது. சம்பளத்தில் 4 விழுக்காட்டை விரும்பிச் சேமித்தால் ஆண்டுக்கு 154 யூரோ அரசு மானியம், 2018 முதல் 175, பிள்ளைகளுக்குத் தனியாக. ஒப்பந்தங்கள் ஒன்றரைக் கோடியைத் தாண்டியதும் தேங்கின, பிறகு குறைந்தன. கட்டணங்கள் அதிகம், விதிகள் சிக்கல், முதலுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையால் பங்குச்சந்தை ஏற்றம் சேமிப்பாளருக்குப் பெரிதாகக் கிடைக்கவும் இல்லை. பலர் கட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பணம் போகும் இடத்திலும் வேறுபாடு பெரிது. ஜெர்மனியில் இந்த மாதம் பிடித்த பணம் அடுத்த சில வாரங்களில் ஏதோ ஒரு முதியவரின் வங்கிக் கணக்கில் இருக்கும். வாய்க்கால் நீர், தேங்குவதில்லை. கட்டியவருக்குக் கிடைப்பது புள்ளி. நாட்டின் சராசரிச் சம்பளத்துக்கு ஓராண்டு பிடித்தம் கட்டினால் ஒரு புள்ளி, இரட்டிப்புச் சம்பளம் என்றால் உச்சவரம்பு அனுமதிக்கும்வரை அதற்கேற்ப. 2025 சூலையில் ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ ஓய்வூதியம். 2012 சூலையில் மேற்கில் 28.07, கிழக்கில் 24.92. நாற்பத்தைந்து ஆண்டு சராசரிச் சம்பளத்தில் உழைத்தவருக்கு 2025 கணக்கில் மாதம் 1,836 யூரோ. பிரிட்டனில் தேசியக் காப்பீட்டின் ஓராண்டுக்குக் கிடைப்பது முழு ஓய்வூதியத்தில் 35-இல் ஒரு பங்கு: 2025-இல் வாரம் சுமார் 6.58 பவுண்டு. வங்கி அதிகாரிக்கும் அதே, பேருந்து ஓட்டுநருக்கும் அதே. பென்ஷன் வரியிலுள்ள பணமோ அவரவர் பெயரிலுள்ள கிணறு. வட்டி, பங்குச்சந்தை, கட்டணம் எல்லாம் அந்தக் கிணற்றின் மழையும் வெயிலும். 55 வயதுக்குப் பின் அதை எப்படி வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம் என்று 2015 ஏப்ரலில் சட்டம் மாறியது. முதியவர்கள் அந்தப் பணத்தில் லம்போர்கினி வாங்கினாலும் தனக்குக் கவலையில்லை என்ற பொருளில் அன்றைய ஓய்வூதிய அமைச்சர் ஸ்டீவ் வெப் சொல்லிவைத்தது நெடுநாள் அவரைத் துரத்தியது.

இந்த வேறுபாடு புலம்பெயர்ந்த தமிழருக்குப் புத்தகப் பாடமல்ல. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்களில் பலர் அகதி விண்ணப்பம் நிலுவையிலிருந்த காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் கழித்தவர்கள். முப்பது வயதில் வந்து, வேலை தொடங்கும்போது முப்பத்தைந்தைத் தாண்டி, சராசரிக்குக் கீழான சம்பளத்தில் உணவகச் சமையலறைகளில் நின்றவர்களுக்குப் புள்ளிகள் இரண்டு வகையிலும் குறைகின்றன: ஆண்டுகள் குறைவு, ஆண்டுக்கான புள்ளியும் ஒன்றுக்குக் கீழே. லண்டனுக்குப் போன அவர்களுடைய உறவினருக்குச் சம்பளம் எவ்வளவு என்பது அரசு ஓய்வூதியத்தைப் பெரிதாகப் பாதிக்காது, ஆண்டுகள் மட்டும் பாதிக்கும். ஆனால் இரண்டாவது வரி அவர்கள் ஐம்பதைத் தாண்டிய பிறகே முளைத்ததால் கிணறு ஆழமில்லை. அதிலும், கடை வைத்தவர்களுக்கும் சொந்த வண்டி ஓட்டியவர்களுக்கும் கிணறே இல்லை. சுயதொழில் செய்கிறவர்களை ஆட்டோ என்ரோல்மென்ட் தொடுவதில்லை. ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு 10,000 பவுண்டு சம்பாதிக்காதவரையும் அது தானாகச் சேர்ப்பதில்லை. இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரம் பார்க்கும் பெண்கள் இதில் அதிகம் விடுபடுகிறார்கள்.

இரண்டு நாடுகளிலும் அடுத்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜெர்மனியில் 1964-இல் இரு பகுதிகளிலுமாக 13.5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. போருக்குப் பின் அதுவே உச்சம். அவர்கள் 2031-இல் 67 வயதை எட்டுகிறார்கள். ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தின் 48 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற உத்தரவாதத்தை 2031 வரை நீட்டிக்கும் சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆளும் கட்சியின் இளம் உறுப்பினர்களே முரண்டு பிடித்தார்கள்: தாத்தாவுக்குத் தரும் வாக்குறுதியின் ரசீது பேரன் பெயரில் வருகிறது என்பது அவர்களுடைய வாதம். கையிருப்பு கரைந்து, 2028 வாக்கில் பிடித்தம் 20 விழுக்காட்டை ஒட்டி ஏறும் என்று அரசின் கணிப்புகளே சொல்கின்றன. இன்றைய சராசரிச் சம்பளக்காரருக்கு அது ஆண்டுக்குச் சுமார் 350 யூரோ கூடுதல். அதற்காகப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கையிருப்பு விதி போதும்.

பிரிட்டனில் 8 விழுக்காடு 2019-இலிருந்து அசையவில்லை. சேரும் வயதை 22-இலிருந்து 18-ஆகக் குறைக்கவும், முதல் பவுண்டிலிருந்தே பிடித்தம் தொடங்கவும் அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டம் 2023-இல் நிறைவேறியது. 2025 சூலையில் பழைய ஓய்வூதிய ஆணையத்தை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். தலைமையில் இம்முறை ஜீனி ட்ரேக். அதன் அறிக்கைக்கான கெடு 2027. முதல் பவுண்டிலிருந்து பிடித்தால் ஊழியருக்கு ஆண்டுக்கு 312 பவுண்டும் முதலாளிக்கு 187 பவுண்டும் கூடும். அதற்கான ஆணையில் எந்த அமைச்சரும் இன்னும் கையெழுத்திடவில்லை.